கேட்பவர் எவராயினும் அனுப்பி வைப்போம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதே வழக்கம். எனக்கு ஓய்வுக்குரிய வயது வரவில்லை; ஓய்வுக்குரிய களைப்பு வந்துவிட்டது. முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நான், இன்றோடு இந்த நிறுவனத்தை விட்டும் இந்தத் தொழிலை விட்டும் விலகுகிறேன். புதியவர்களிடம் சிறிது நேரம் பேசிவிட்டுப் போகும்படி நிர்வாகம் கேட்டது. பள்ளி நாள் முதல் மேடையில் வளர்ந்தவன் நான். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்துக்காக வாதாடி, வென்று, இறங்கியவன். பேச ஒருநாளும் தயங்கியதில்லை, இம்முறை மறுத்தேன். பேசினால் நன்றாகப் பேசிவிடுவேன். நீங்களும் கைதட்டிவிடுவீர்கள். கைதட்டி முடித்ததும் காரியமே முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றிவிடும். எழுத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதன் முடிவில் நம்பிக்கைக்கு இடமில்லை. இருப்பதுபோல் எழுதி முடிக்க எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

நாம் விற்கும் பெட்டி கிணற்றுமேட்டு மோட்டார் அறையில், பழைய ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் திருகப்படுவது. அதனால் விவசாயிக்கு இரண்டு பயன்கள். வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், இது முதலாவது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் பெட்டி தானே உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும், இது இரண்டாவது. உசிலம்பட்டிப் பக்கத்தில் நம் பெட்டி விற்றது இந்த இரண்டாவது பயனுக்காகத்தான். வானம் பார்த்த பூமி அது. கோடையில் கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீர் எந்த நேரத்தில் தீரும் என்று கிணற்றை வெட்டியவராலும் சொல்ல முடியாது. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார், உள்ளிருக்கும் செம்புச் சுருளான காயில் கருகி, அங்கேயே செத்துப்போகும்.

பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதை நாம் எழுதவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாத பலர் எழுதினார்கள், நாம் எடுத்துக்கொண்டோம். நம் சிப்புக்கும் நம் தண்ணீர் உணரிக்கும் ஏற்ப அங்கங்கே மாற்றினோம். பெட்டியில் அடைத்து விற்றோம். எழுதியவர்கள் விலை கேட்கவில்லை, நன்றியும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். இதைக் கொண்டு நீ ஒரு பொருளை விற்றால், அதற்குள் ஓடும் அதே நிரலின் மூலத்தை, நீ செய்த மாற்றங்களோடும், மீண்டும் கட்டி எழுப்பத் தேவையான எல்லாவற்றோடும், கேட்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மனிதர் படித்துத் திருத்தக்கூடிய அந்த வடிவத்தை எழுத்தில் மூலநிரல் என்கிறோம், பேச்சில் சோர்ஸ்; அதிலிருந்து பெட்டிக்குள் ஓடும் வடிவத்தை ஆக்குவதுதான் கட்டுவது. நீளமான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் அந்த உரிமத்தின் சாரம் இவ்வளவுதான். வாங்கியதைப் போலவே கொடு.

நிறுவனத்தில் இந்த உரிம விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். ஆங்கில உரிமத்தைக் கடைசி வரி வரை படித்தவன் நான் ஒருவனே என்பது ஒரு காரணம். வந்து கேட்பவரைப் பேசி அனுப்பிவிடுவேன் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். நான் முதலில் செய்த வேலை, பெட்டியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருத்தியது. இத்தகைய அறிவிப்பை ஆங்கிலத்தில், பூச்சி எழுத்தில் அச்சிடுவதே எங்கும் வழக்கம். நான் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும் என்றேன்.

"தமிழ்ல போட்டா படிச்சிருவாங்கய்யா" என்று எம்.டி. சிரித்தார்.

"படிக்கத்தான சார் போடுறோம்?"

அச்சானது. வாக்கியத்தை நானே இழைத்து இழைத்து எழுதினேன்: "இப்பெட்டியில் இயங்கும் லினக்ஸ் மென்பொருளின் மூலநிரலை, கேட்பவர் எவராயினும், அவருக்கு அனுப்பி வைப்போம்." இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

அந்தப் பக்கத்தைப் படித்தவர் ஒருவர் இருந்தார். உசிலம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு விற்கும் கடை நடத்தும் ஜெயந்தி. மின்னணுப் பொறியியல் படித்து, சென்னையில் நம்முடையதைப் போன்ற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து, திருமணத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர். கடையின் பின்பக்கத்தில் அவர் கணவர் காயில் கட்டுவார்; முன்பக்கத்தில் இவர் வியாபாரம் பார்ப்பார். சுற்றுவட்டார ஊர்களில் நம் பழைய மாடல் பெட்டி சுவர் ஏறியதெல்லாம் இவர் வாக்கை நம்பித்தான்.

கோடை முற்றியபோது அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முந்தைய ஆண்டு நாம் தொலைவிலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது உள்ளே ஓடும் நிரலின் புதுப் பதிப்பு, அனுப்பியிருந்தோம். மழைக்காலம் முழுவதும் அதில் குறையேதும் தெரியவில்லை. கிணறுகள் வற்றத் தொடங்கியதும் தெரிந்தது. போன மின்சாரம் திரும்பி வரும்போது, தண்ணீர் உணரியை இயக்கும் நிரல் விழிப்பதற்கு முன்பே பெட்டி மோட்டாரைப் போட்டுவிடுகிறது. பிறகு உணரி விழிப்பதே இல்லை. மோட்டார் வெறுங்கிணற்றில் ஓடிக் கருகுகிறது. பிழை எங்கே இருக்கக்கூடும் என்பதையும் அவரே கண்டு எழுதியிருந்தார். அது நம் சொந்த நிரலில் இல்லை. லினக்ஸில் நாம் மாற்றிய பகுதியில், அதாவது உரிமம் முழுமையாகக் கட்டுப்படுத்தும் பகுதியில் இருந்தது.

அவர் நட்டஈடு கேட்கவில்லை. நம்மைச் சரிசெய்து தரச் சொல்லவும் இல்லை. கடைசிப் பக்கத்து வாக்கியத்தை எடுத்தெழுதிவிட்டு, "மூலநிரலை அனுப்புங்கள். சரிசெய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சரிசெய்த நிரலைப் பெட்டிகளில் ஏற்றித் தருவது மட்டும் உங்கள் வேலை" என்று முடித்திருந்தார். பெட்டியை நம்பி மோட்டாரை இழந்தவர்கள் கடை வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கடை அங்கே நிற்குமா, அந்த ஊர்களில் அவர் முகம் காட்ட முடியுமா என்பது அந்த நிரலைப் பொறுத்திருந்தது.

கூட்டம் கூடியது. எம்.டி. எதிர்ப்பக்கம். பழைய மாடலை நிறுத்தியாயிற்று, இனி அதைச் சரிசெய்வதில்லை என்பதே நம் கொள்கை, புதுப் பெட்டியைத் தள்ளுபடியில் கொடுக்கலாம், மூலநிரல் வெளியே போனால் நாளையே கோயம்புத்தூரில் ஒருவன் நம் பெட்டியைச் செய்வான், உசிலம்பட்டிக் கடைக்காரம்மா நம் மேல் வழக்கா போடப்போகிறார் என்று நான்கு திசையிலும் வேலி கட்டினார்.

நான் எழுந்தேன். நிறுத்தப்பட்டது மாடல்தான், கடமை நிறுத்தப்படவில்லை என்றேன். கொடுக்கச் சொல்வது நம் வியாபார நிரலை அன்று, பிறர் நமக்குக் கொடுத்ததை மட்டுமே என்றேன். வழக்கு வராது என்பதற்காக ஒரு வாக்கை மீறலாம் என்றால், வாரண்டி அட்டையையும் கிழித்துப் போட்டுவிடலாமே என்றேன். ஊதியம் கேட்காமல் எழுதிக் கொடுத்தவனிடம் வாங்கித் தின்றுவிட்டு, அவன் கேட்ட ஒன்றையும் மறுப்பவனுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு, பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். மேசையைத் தட்டினார்கள். எம்.டி.யும் தட்டினார்.

"போதும்யா. ஒன் வாய்க்கு முன்னாடி யாரு நிக்கிறது? குடுத்துரு" என்றவர், நிர்வாகத்தைக் கவனிக்கும் அழகரைத் திரும்பிப் பார்த்தார். "அழகரு, அந்த சோர்ஸ் எங்க இருக்கு?"

"குமரேசன் மெசின்ல இருக்கும் சார்."

"குமரேசன் மெசின் எங்க?"

அழகர் மெல்லச் சொன்னார். "ஆயுத பூசைக்கு ஸ்கூலுக்குக் குடுத்தமே சார். நீங்கதான சந்தனம் வச்சீக."

எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். அங்கே சட்டமிட்ட படம் ஒன்று தொங்குகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எம்.டி. ஒரு கணினியை மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுக்கிறார். கணினிக்கு மாலை, நெற்றியில் சந்தனம், குங்குமம். ஆண்டுதோறும் பூசைக்கு முன்பு அலுவலகத்தைக் கழுவித் துடைத்து, பயன்படாமல் கிடக்கும் கணினிகளைச் சுத்தம் செய்து பள்ளிகளுக்குக் கொடுப்பது இந்த நிறுவனத்தின் நல்ல வழக்கம். கேலிக்காகச் சொல்லவில்லை; நல்ல வழக்கந்தான்.

"டிஸ்க்க அழிச்சிட்டா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பின்னே? கம்பெனி ரகசியம் வெளிய போயிரக் கூடாதுல்லண்ணே" என்றார் அழகர்.

கேட்பவர் எவராயினும் கொடுக்க வேண்டிய ஒன்றை, எவருக்கும் போய்விடக் கூடாதே என்று அழித்திருந்தோம்.

குமரேசன் என் கல்லூரித் தோழன், கைதேர்ந்த பொறியாளன். பழைய பெட்டியின் ஃபர்ம்வேரைக் கட்டியவன் அவன் ஒருவனே. அந்தக் கடைசி அப்டேட்டை அவசரம் அவசரமாகக் கட்டி அனுப்பிவிட்டு, பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருந்தான். நாம் எல்லோரும் நிரலைச் சேர்த்து வைக்கும் பொது சர்வரில் அவன் பெயரில் ஏதோ இருந்தது. ஆனால் அது பழைய நிலை. கடைசி மாற்றங்கள் எவையும் அதில் இல்லை. அவனை அழைத்தேன்.

"அந்த மெசின்லதான்டா அம்புட்டும் இருக்கு மாப்ள. என் டேபிளுக்கு அடியில கெடக்குமே, கறுப்பு மெசினு."

"அதை ஸ்கூலுக்குக் குடுத்துட்டாங்கடா."

"டிஸ்க்கு?"

"தொடச்சிட்டாங்க."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்தினான். "வெளையாடாத."

"ஒங்கிட்ட காப்பி ஏதாச்சும் இருக்கா?"

"எங்கிட்ட எப்பிடிறா இருக்கும்? போறன்னைக்குப் பையத் தொறந்து பாத்துட்டுத்தானடா விட்டீங்க. ஒரு வரிகூட எடுத்துட்டுப் போகலைன்னு கையெழுத்து வேற. எடுத்துட்டு வந்திருந்தா நான் திருடன். எடுத்துட்டு வரலைன்னு இப்ப போன் போட்டுக் கேக்குறியா?" குரலைத் தாழ்த்தினான். "அப்டேட்டுக்குக் கையெழுத்துப் போடுற சாவியும் அதுலதான்டா இருந்துச்சு. நீங்க புதுசா எழுதினாலும் பெட்டி வாங்காது."

இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் விளக்குகிறேன். வேறு எவரும் பெட்டியில் எதையும் ஏற்றிவிடாதபடி, நம் கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே பெட்டி ஏற்கும். அந்தக் கையொப்பத்தை இடும் ரகசியக் கோப்பான சாவியும் அழிந்துபோனது என்றால், இனி அந்தப் பெட்டிகளை எவரும் திருத்த முடியாது. ஜெயந்தியாலும் முடியாது, செய்து விற்ற நம்மாலும் முடியாது. பழைய மாடலைச் சரிசெய்வதில்லை என்று நாம் ஒரு கொள்கையாகச் சொல்லி வந்தோமே, அது கொள்கையே அன்று. செய்ய மாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற இடத்தில், செய்ய முடியாது என்பது அறியப்படாமல் உட்கார்ந்திருந்தது. நான் கூட்டத்தில் வாதாடி வீழ்த்தியது வெறும் நிழலை.

ஆயினும் மேலூருக்குப் போனேன். நெல் வயல்களுக்கு நடுவே பள்ளி. கணினி அறையில் மாணவர்கள் நெருக்கியடித்துத் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் அந்தக் கறுப்புக் கணினி. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தன.

"இதை மட்டும் தொடைக்கலையா டீச்சர்?"

"சாமிக்கு வச்சதுல்ல சார். தொடைக்க மனசு வரல" என்றார் கணினி ஆசிரியை. "உங்க ஆளுக ரொம்ப நல்லா வச்சிருந்தாங்க சார். உள்ள ஒரு குப்பை இல்ல."

அவர் அனுமதியோடு டிஸ்க்கைக் கழற்றி, அதற்குப் பதில் புதியதொன்றைப் பொருத்திவிட்டு வந்தேன். அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று டவுன்ஹால் ரோட்டுச் சந்துக்குள் இருக்கிறது. அங்கிருந்தவர் இரண்டாம் நாள் அழைத்தார். "அண்ணே, இது சும்மா அழிச்சது இல்லண்ணே. யாரோ அக்கறையா, மறுபடி மறுபடி எழுதி அழிச்சிருக்காரு. ஒண்ணும் தேறாது."

அழகரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நிறுவனத்தில் தன் வேலையை முழுதாகச் செய்த ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது.

எம்.டி. என்னைத் தனியே அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சர்வர்ல பழசு ஒண்ணு கெடக்குல்ல? அதத் தூக்கிக் குடுத்துரு. உரிமத்துல சொன்ன மாதிரியும் ஆச்சு."

"அந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது அது இல்ல சார்."

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது சார். அதான் சார் தப்பு. கட்டிப் பாப்பாங்க, தப்பு இருக்காது. ஏன்னா அந்தத் தப்பு அதுல இல்லவே இல்ல. இதையே ஏத்துங்கன்னு மறுபடி மறுபடி எழுதுவாங்க, சாவி இல்லாம நம்மளால ஏத்த முடியாது. இல்லாத தப்பத் தேடிக்கிட்டு வருசம் பூராவும் உக்காந்திருப்பாங்க. தனக்குத்தான் தெரியலைன்னு நெனச்சுக்குவாங்க."

"ஒரு ஆளுக்காக இம்புட்டு யோசிக்கிறியே, கம்பெனிய யோசிச்சியா?"

நண்பர்களே, உங்களுக்கும் இந்த அறை வரும். இந்தக் கதவு சாத்தப்படும். அப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டவருக்குத் தன் எதிரி யார் என்று தெரியும், அவர் போராடலாம். பொய்யான மூலநிரலைப் பெற்றவர் தன் அறிவோடு தானே போராடுவார். ஒரு திறமைசாலியை இதைவிடக் கொடுமையாக அழிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. நான் மறுத்தேன். எம்.டி. எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சரி, நீயே போய்ச் சொல்லிட்டு வா. எழுத்துல ஒண்ணும் குடுத்துராத."

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினேன். வழி நெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். உண்மையை உடைத்துச் சொல்லி, பொறுப்பை ஏற்று, வருத்தம் தெரிவித்து, மாற்று வழி காட்டும் அழகான உரை ஒன்று உசிலம்பட்டி வருவதற்குள் தயாராகிவிட்டது.

கடை வாசலில் கருகிய மோட்டார்கள் சுவரோரம் கிடந்தன. எரிந்த வார்னிஷ் நெடி. பின்பக்கத்தில் ஜெயந்தியின் கணவர் தலை நிமிராமல் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மாயாண்டி என்னும் விவசாயி ஒருவர், அந்த மோட்டார்களில் தம்முடையது எது என்று காட்டுவதுபோல் ஒன்றின் மேல் கை வைத்து நின்றிருந்தார்.

"வாங்க சார். அதுமேல சாயாதீங்க, கரி ஒட்டிக்கிரும்" என்றார் ஜெயந்தி.

"இவுகதான் கம்பெனிக்காரவுகளா?" என்று மாயாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை நல்லாத்தேன் இருக்கு."

உரையைத் தொடங்கினேன். முதல் பத்தி முடிவதற்குள் ஜெயந்தி கை காட்டி நிறுத்தினார்.

"சார், நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க. இன்னும் கொஞ்சம் விட்டா உங்க பக்கந்தான் நியாயம்னு எனக்கே தோணிரும். ஒரே வார்த்தையில சொல்லுங்க. தருவீங்களா, மாட்டீங்களா?"

"எங்ககிட்ட இல்ல."

அவர் உடனே புரிந்துகொண்டார். அந்தத் தொழிலில் இருந்தவரல்லவா? எந்தக் கணினி, யார் கட்டியது, எப்படி அழிந்தது, சாவி எங்கே என்று நான்கு கேள்விகள் கேட்டார். நான்குக்கும் பதில் சொன்னேன். சாவி பற்றிய பதிலைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் மாயாண்டி.

"அவுககிட்டயே இல்லையாம்ப்பா."

"எது இல்லையாம்?"

"பெட்டி எப்பிடி ஓடணும்னு எழுதி வச்சது."

"செஞ்சவுககிட்டயே இல்லையா?"

"இல்லையாம்."

"அப்ப இத யாருதேன் செஞ்சா?"

மாயாண்டி மோட்டாரிலிருந்து கையை எடுத்து, கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஒன்னைய நம்பித்தானம்மா போட்டேன். அவுகள எனக்கென்ன தெரியும்?" குரலில் கோபம் இல்லை. ஜெயந்தியின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது.

மேசை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார் ஜெயந்தி. "இத எழுதுனது நீங்கதானா?"

"ஆமாங்க."

"நல்ல தமிழ். மத்தக் கம்பெனிக்காரன் இப்பிடிப் போடவே மாட்டான். நான் மெட்ராஸ்ல வேலை பாத்தப்ப நாங்களும் போடல. இதப் படிச்சிட்டுத்தான் சார் இந்தப் பெட்டியவே எடுத்தேன். நாளைக்கு இவங்க கைவிட்டாலும் நம்மளே பாத்துக்கலாம்னு." கையேட்டை மூடினார். "தர மாட்டோம்னு சொல்லுங்க, கோர்ட்டுக்குப் போறேன். இல்லைன்னு சொல்றவுகள எந்தக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

தள்ளுபடியில் புதுப் பெட்டி தரும் திட்டத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கணவர் உள்ளேயிருந்து முதல் முறையாகப் பேசினார். "வேணாம்னு சொல்லு. பெட்டி அம்புட்டையும் நம்மளே கழட்டிருவோம். பழைய ஸ்டார்ட்டர மாட்டிருவோம். கடை இருக்கணும்னா வேற வழி இல்ல."

அன்று மாயாண்டியின் கிணற்றுக்கு ஜெயந்தியின் கணவரோடு நானும் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டி கழன்றது. அடியில் சுவர் வெளுப்பாக, சதுரமாக இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் பழைய ஸ்டார்ட்டரை வைத்துத் திருகினார்கள். இனி மும்முனை மின்சாரம் எந்நேரத்தில் வந்தாலும் மாயாண்டி வீட்டிலிருந்து நடந்து வந்து பச்சைப் பொத்தானை அழுத்தி, தண்ணீர் தீரும்வரை கிணற்றடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் வாங்கிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்ணும் ஆகலியே, நல்லாத்தான இருக்கு" என்றார். ஆம், நன்றாகத்தான் இருந்தது. திருத்தத்தான் முடியாது.

கழற்றிய பெட்டிகள் எல்லாம் பின்னர் சாக்குகளில் நம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. சாக்குகள் கிடங்கில் கிடக்கின்றன.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எம்.டி. உண்மையிலேயே கலங்கினார். இனி எந்த அப்டேட்டாக இருந்தாலும், அதன் மூலநிரலைப் பொது சர்வரில் வைத்து, அதிலிருந்தே வேறொருவர் கட்டிக் காட்டிய பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வாசகம் என்னுடையது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். சில அப்டேட்டுகள் அப்படியே போயின. பிறகு ஓர் அப்டேட் அவசரமானது. அதற்கு அடுத்தது அதைவிட அவசரமானது. நான் போய் நின்றால், "அடுத்ததுல சேத்துருவோம்ண்ணே" என்பார்கள். வாதாடினால் ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் வென்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு தொடர்ச்சியாக எங்கும் வென்றதில்லை. ஒரு பொறியியல் கல்லூரியில் திறந்த மூல உரிமங்களைப் பற்றிப் பேச நிறுவனத்தின் சார்பில் என்னையே அனுப்பினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பேருந்தில் திரும்பும்போது அந்தக் கிடங்குச் சாக்குகள் நினைவுக்கு வந்தன. அன்றே விலகல் கடிதத்தை எழுதினேன்.

ஜெயந்தி மட்டும் நிறுத்தவில்லை. அவ்வப்போது அவருடைய மின்னஞ்சல் வரும். வணக்கம் இராது, வசை இராது. பெட்டியின் மாடல் பெயர், கடைசிப் பக்கத்து வாக்கியம், "மூலநிரலை அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள். அவ்வளவுதான். அது இல்லை என்பது அவருக்குத் தெரியும். கேட்பதை நிறுத்திவிட்டால் வாக்குக் கொடுத்ததையே நாம் மறந்துவிடுவோம் என்பதும் தெரியும் போலும். நான் ஒவ்வொரு முறையும் "எங்களிடம் இல்லை" என்று, எழுத்தில், என் பெயரிட்டுப் பதில் அனுப்பினேன். அதற்கு அனுமதி இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

இன்று காலையும் வந்திருக்கிறது. இம்முறை மாடலின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்த ஊர்களில் சிலர் வேறு கடைகளில் நம் புதுப் பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதன் மூலநிரலை இப்போதே கேட்கிறார், கோடைக்கு முன்பே.

உங்களில் ஒருவரிடம் சென்றேன். பெயர் சொல்லவில்லை; நல்ல பொறியாளர். புதுப் பெட்டிகளில் இப்போது ஓடும் அதே நிரல் நம்மிடம் இருக்கிறதா, சர்வரில் உள்ளதை வைத்து இன்றே கட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"சர்வர்ல கொஞ்சம் பழசுண்ணே. இதுல இருக்கும்" என்று மேசைக்கு அடியில் கிடந்த கணினியைக் காலால் தொட்டுக் காட்டினார். இன்றே சர்வரில் சேர்த்துவிடச் சொன்னேன், அடுத்ததில் சேர்ப்பதாகச் சொன்னார்.

நான் குனிந்து, அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் 'அழிக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். விடைபெறும் நாளில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மாலையில் அதே பக்கம் போனபோது, அழகர் வாளியும் ஈரத்துணியுமாக அந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். வரும் வாரம் ஆயுத பூசை.

"அண்ணே, யாரோ சாக்பீசுல கிறுக்கி வச்சிருக்காங்க. தொடச்சிட்டேன். பூசைக்கு மெசின் பளிச்சுனு இருக்கணும்ல?"

அது ஏன் எழுதப்பட்டது என்று அவரிடம் சொன்னேன். தலையசைத்தார். போன முறையும் இப்படித்தான் தலையசைத்திருப்பார்.

ஜெயந்திக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நாளை அந்த அஞ்சல் உங்களில் ஒருவருக்கு வரும். எழுதுவதற்கு முன் அந்த மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.